கல்லிடைக்குறிச்சிக்கு 51 பைட்

கல்லிடைக்குறிச்சி என்ற பெயரை விரல்விட்டு எண்ணினால் 9 எழுத்து. உலக மொழி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு கணக்கில், புள்ளியும் துணைக்குறியும் தனித்தனி என்பதால், 17 குறியீடு. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு வடிவில் டேட்டாபேஸுக்குள் போகும்போது, தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் வீதம், 51 பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் ஊர்ப்பெயர் ஃபீல்டை 'வார்கேர்2' என்ற எழுத்து வகையாக்கி, 50 என்று அளவு கொடுத்து, அந்த 50 எழுத்தா பைட்டா என்று சொல்லாமல் விட்டால், இயல்பு அமைப்பில் அது பைட் என்றே எடுத்துக்கொள்ளும். திருநெல்வேலியிலிருந்து அம்பை போகும் ரயில் பாதையில் சேரன்மகாதேவி 36 பைட், வீரவநல்லூர் 33, அம்பாசமுத்திரம் 45. எல்லாம் உள்ளே போய்விடும். கல்லிடைக்குறிச்சி மட்டும் ஒரே ஒரு பைட் கூடிப்போய் ஓஆர்ஏ-12899 என்ற பிழையோடு திரும்பி வரும். ஆங்கில எழுத்தில் டைப் செய்து சோதித்தவருக்கு அதே ஊர் 15 பைட்டில் முடிந்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது.

இத்தனைக்கும் செயலியின் மாடலில் (தரவையும் அதன் விதிகளையும் வைத்திருக்கும் பகுதி) "ஊர்ப்பெயர் 50 எழுத்துக்குள் இருக்க வேண்டும்" என்று விதி இருந்திருக்கும். அது 17 என்று எண்ணி, சரி என்று அனுப்பியிருக்கும். மாடல் ஒரு படியால் அளக்கிறது, டேட்டாபேஸ் வேறொரு படியால் அளக்கிறது. உள்ளீட்டுச் சரிபார்ப்பு என்றதும் பலருக்கும் எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் சூத்திரமான ரெஜெக்ஸ்தான் நினைவுக்கு வரும். உண்மையான வேலை அதற்கு முன்பே இருக்கிறது: எந்த விதியை எந்த அடுக்கில் வைப்பது, எந்தப் படியால் அளப்பது.

பேச வசதியாக ஒரு செயலியை வைத்துக்கொள்வோம். நெல்லையில் ஓர் அல்வாக் கடை, வெளியூர்ப் பார்சலுக்கு வலையில் ஆர்டர் எடுக்கிறது. ஃபார்மில் பெயர், கைபேசி எண், முகவரி, ஊர், மாவட்டம், பின்கோடு, எடை, அனுப்ப வேண்டிய தேதி, குறிப்பு. சின்ன ஃபார்ம்தான். வரக்கூடிய சிக்கல் அத்தனையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பிரவுசரில் செய்யும் சரிபார்ப்பு பயனருக்கான வசதி மட்டும். காலியாக விட்டதை உடனே சொல்லும், எண் விசைப்பலகையைத் திறந்து கொடுக்கும். பாதுகாப்புக் கணக்கில் அதன் மதிப்பு பூஜ்ஜியம். ஃபார்மைத் தொடாமலே கர்ல் என்ற கட்டளைவரிக் கருவியால் எதை வேண்டுமானாலும் அனுப்பலாம்.

வரும் ரிக்வெஸ்டை முதலில் வாங்கும் கன்ட்ரோலருக்கும் மாடலுக்கும் இடையில் விதிகளைப் பிரிக்க ஒரே ஒரு கேள்வி போதும். இதே ஆர்டர் நாளை எக்செல் இம்போர்ட் வழியாக வந்தாலும், கைபேசிச் செயலியிலிருந்து வந்தாலும், ராத்திரி ஓடும் ஸ்கிரிப்ட் உருவாக்கினாலும் இந்த விதி பொருந்துமா? பொருந்தும் என்றால் அது மாடலின் விதி. எடை 250 கிராமுக்குக் குறையக் கூடாது, பின்கோடு 6 இலக்கம், பெயர் காலியாக இருக்கக் கூடாது என்பவை அந்த வகை. யார் கேட்கிறார், எந்தத் திரையிலிருந்து, எந்த ஃபீல்டை மாற்ற அவருக்கு அனுமதி என்பதைப் பொறுத்த விதி என்றால் அது கன்ட்ரோலருக்கு உரியது.

கன்ட்ரோலரில் முதல் வேலை, எந்தெந்த ஃபீல்டு உள்ளே வரலாம் என்று பெயர் சொல்லிப் பட்டியல் போடுவது. வந்ததை எல்லாம் அப்படியே மாடலில் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 மார்ச் மாதம் நிரல் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் நடந்ததே சாட்சி. ஃபார்மில் இல்லாத ஒரு பயனர் எண்ணைச் சேர்த்து அனுப்பி, ரூபி மொழியின் வலைச் சட்டகமான ரெயில்ஸ் திட்டத்துக்குள் எழுதும் உரிமையை ஒருவர் எடுத்துக் காட்டினார். ரெயில்ஸ் 4-இல், பெயர் சொல்லி அனுமதித்த ஃபீல்டுகளை மட்டும் விடும் 'ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ்' கட்டாயமானதன் பின்னணி இதுதான். பிஎச்பியின் லாரவேல் சட்டகத்தில் இதே ஓட்டை வேறு உருவத்தில் இருக்கிறது. ஃபார்ம் ரிக்வெஸ்ட் வகுப்பில் விதிகளை அழகாக எழுதிவிட்டு, சேமிக்கும் வரியில் 'வேலிடேட்டட்' என்பதற்குப் பதில் 'ஆல்' என்று எழுதினால், விதி இல்லாத ஃபீல்டுகளும் கூடவே நுழைந்துவிடும். மாடலில், மொத்தமாக நிரப்ப அனுமதிக்கும் 'ஃபில்லபிள்' பட்டியலும் தாராளமாக இருந்தால் தடுக்க யாருமே இல்லை.

விலையைப் பிரவுசரிடம் கேட்கவே கூடாது. ஃபார்மில் மறைத்து வைத்த ஃபீல்டும் பயனர் கையில் இருப்பதுதான். எடையை மட்டும் வாங்கி, விலைப்பட்டியலைப் பார்த்துச் சர்வரே கணக்கிட வேண்டும். ஆர்டரைத் திருத்தும் பக்கத்திலும் அப்படித்தான். ஆர்டர் எண்ணை வைத்துப் பொதுவாகத் தேடாமல், உள்நுழைந்திருப்பவரின் ஆர்டர்களுக்குள் மட்டும் தேட வேண்டும். முகவரிப் பட்டையில் 1041-ஐ 1042 ஆக்கினால் அடுத்தவர் பார்சல் திறக்கும் செயலிகளில் மாடல் விதிகள் எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். கன்ட்ரோலரில் இந்த ஒரு வரிதான் இருக்காது.

வடிவம் சரியா என்பதும் வாசலிலேயே பார்க்க வேண்டியது. 'பெயர்' என்ற இடத்தில் ஒரு சரம் வரும் என்று நம்பி இருப்போம். சதுர அடைப்புக்குறி சேர்த்து அனுப்பினால் பிஎச்பியும் ரெயில்ஸும் அதை வரிசையாக மாற்றிக் கொடுக்கும். அதன்மேல் சரத்துக்கான செயலை ஓட்டினால் 500 என்ற சர்வர் பிழை. மோங்கோ டேட்டாபேஸ் பயன்படுத்துபவர்களுக்கு இன்னும் மோசம். கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் 'இதற்குச் சமமாக இல்லாதது' என்று பொருள்படும் ஒரு ஆப்ஜெக்ட் வந்தால், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே விட்டுவிடும்.

இனி மாடல். விதி மாடலில் இருக்கிறது என்பதும் அந்த விதி ஓடுகிறது என்பதும் வேறு வேறு. பைத்தானின் ஜாங்கோ சட்டகத்தில் மாடல் ஃபீல்டில் வேலிடேட்டர் எழுதிவிட்டு 'சேவ்' அழைத்தால் அது ஓடாது. 'ஃபுல் கிளீன்' என்பதைத் தனியாக அழைக்க வேண்டும். மாடல் ஃபார்ம் அதைத் தானே அழைப்பதால், ஃபார்ம் வழியாகவே சோதிப்பவருக்கு இது கடைசி வரை தெரியாமலே போகும். ஷெல்லில் ஒரு நாள் இம்போர்ட் ஓட்டும்போது குப்பை முழுவதும் உள்ளே போயிருக்கும். ரெயில்ஸில் 'சேவ்' விதிகளை ஓட்டும், ஆனால் 'அப்டேட் காலம்', 'அப்டேட் ஆல்', 'இன்சர்ட் ஆல்' மூன்றும் ஓட்டாது. ஜாவாவின் ஸ்பிரிங் சட்டகத்தில் வகுப்பின்மேல் எத்தனை குறிப்பு எழுதினாலும், கன்ட்ரோலரின் அளவுருவில் 'வேலிட்' என்ற குறிப்பு விட்டுப்போனால் உள்ளே வரும் ரிக்வெஸ்டை யாரும் பார்க்க மாட்டார்கள். லாரவேலின் எலக்குவென்ட் மாடலில் சரிபார்ப்பே கிடையாது. எல்லாம் ரிக்வெஸ்ட் பக்கம்தான். அதனால் லாரவேலில் வேலை செய்பவர்கள் இம்போர்ட் ஸ்கிரிப்டிலும் அதே விதித்தொகுப்பை அழைக்கும்படி, விதிகளைத் தனி வகுப்பாக எடுத்து வைப்பது நல்லது.

மாடலாலும் முடியாத வேலை ஒன்று உண்டு. ஒரு கைபேசி எண்ணுக்கு ஒரு கணக்கு என்பது விதி. மாஞ்சோலைப் பக்கம் சிக்னல் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் 'பதிவு செய்' பொத்தானை இரண்டு தடவை அழுத்துகிறார். இரண்டு ரிக்வெஸ்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் சர்வருக்கு வருகின்றன. முதலாவது, "இந்த எண் இருக்கிறதா?" என்று டேட்டாபேஸைக் கேட்கிறது, இல்லை. இரண்டாவதும் கேட்கிறது, முதலாவது இன்னும் எழுதவில்லை, ஆகவே இல்லை. இரண்டும் எழுதிவிடுகின்றன. மாடலின் யூனிக் விதி இரண்டு முறையும் சரியாகவே ஓடியது. இதைத் தடுப்பது, ஒரே மதிப்பு இரண்டு வரிகளில் வரவிடாத டேட்டாபேஸின் யூனிக் இன்டெக்ஸ் மட்டும்தான். இன்டெக்ஸைப் போட்டுவிட்டு, அது எறியும் பிழையைப் பிடித்து, "இந்த எண்ணில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது" என்று அந்த ஃபீல்டுக்குக் கீழே காட்ட வேண்டும். பிடிக்காமல் விட்டால் பயனருக்கு வெள்ளைப் பக்கம். மாடல் விதியை எடுத்துவிட வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நேரம் நல்ல செய்தியைக் காட்டுவது அதுதான். ஆர்டர் இரட்டிப்பாகாமல் இருக்க, ஃபார்மைத் திறக்கும்போதே ஒரு தற்செயல் டோக்கன் கொடுத்து, ஆர்டர் அட்டவணையில் அதற்கும் யூனிக் இன்டெக்ஸ் போடலாம். இரண்டு அழுத்தல், ஒரே அல்வா.

எடை வரம்பு, காலியாகக் கூடாதவை போன்றவற்றையும் டேட்டாபேஸே சரிபார்க்கும் செக் விதியாக எழுதி வைப்பது நல்ல பழக்கம். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் பதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 8.0.16-க்கு முந்தைய பதிப்புகள் செக் விதியை வாங்கிக்கொள்ளும், பிழையும் சொல்லாது, செயல்படுத்தவும் செய்யாது.

பெயருக்கு வருவோம். நம் செயலிகளில் அதிகம் அநியாயம் நடப்பது இந்த ஃபீல்டில்தான் என்பது என் கருத்து. 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம், ஒவ்வொன்றும் குறைந்தது 2 எழுத்து. சு. இசக்கிமுத்து இதில் என்ன செய்வார்? குடும்பப் பெயர் அவருக்கு இல்லை. 'சு' என்று போட்டால் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து, ஃபார்ம் ஏற்காது. அப்பா பெயரை முழுதாக எழுதுவார். பார்சல் "இசக்கிமுத்து சுடலைமுத்து" என்று போகும். தெருவில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்று கூரியர்காரர் திரும்பிவிடுவார். கடைக்குப் போன் வரும்: "அண்ணாச்சி, பேரு போட்டா தப்பு தப்புங்குது, நான் என்ன செய்ய?" ஒரே கட்டம் வைத்து, 'பெயர் (இனிஷியலோடு)' என்று எழுதினால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

அடுத்தது, 'எழுத்துகள் மட்டும்' என்ற ரெஜெக்ஸ். ஆங்கில ஏ முதல் இசட் வரை என்று எழுதினால் தமிழ்ப் பெயரே நுழையாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைத் திருத்த முனைந்து, யூனிகோடில் 'எழுத்து' என்ற வகையை மட்டும் அனுமதிப்பவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். யூனிகோடு கணக்கில் ச, க, ம போன்றவை எழுத்து வகை. புள்ளியும், ா, ி, ு, ெ போன்ற துணைக்குறிகளும் எழுத்து வகையில் வராது. அவை 'குறி' என்ற தனி வகை. ஆகவே 'கமல' தேறிவிடும், 'கமலா' தேறாது. பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லை இது முழுக்க எழுத்துதானா என்று 'ஈஸ் ஆல்ஃபா' வைத்துக் கேட்டுப் பாருங்கள், இல்லை என்று பதில் வரும். எழுத்து, குறி ஆகிய இரு வகைகளோடு இடைவெளி, முற்றுப்புள்ளி, இணைப்புக்கோடு, மேற்கோள் குறி எல்லாவற்றையும் சேர்த்தே அனுமதிக்க வேண்டும். மேற்கோள் குறி எதற்கு என்று கேட்டால், உவரி, இடிந்தகரை பக்கம் டி'குரூஸ் என்று ஆங்கிலத்தில் அந்தக் குறியோடு எழுதுபவர்களுக்கு. என்னைக் கேட்டால் பெயருக்கு ரெஜெக்ஸே வேண்டாம். காலியாக இல்லை, 100 குறியீட்டுக்குள், கட்டுப்பாட்டுக் குறியீடு எதுவும் இல்லை. அவ்வளவு போதும்.

அந்த மேற்கோள் குறி எஸ்க்யூஎல்லை உடைத்துவிடும் என்று பயந்து தடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு மருந்து அளவுருவோடு கூடிய வினவல் (மதிப்பை எஸ்க்யூஎல் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்புவது); ஸ்கிரிப்ட் நுழைவதற்கு மருந்து காட்டும் இடத்தில் எஸ்கேப் செய்வது (சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாகவே காட்டுவது). உள்ளே வரும்போதே வெட்டினால் நல்ல தரவு கெடும். "ஒரு பெட்டி <5 கிலோ இருக்கட்டும்" என்று குறிப்பு எழுதியவரின் வரியை பிஎச்பியின் 'ஸ்டிரிப் டேக்ஸ்', அந்தக் குறியிலிருந்து டேக் தொடங்குவதாக எடுத்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடும்.

விதிகளுக்கு முன்னால் ஒரு சீராக்கல் வேண்டும். கொக்கிரகுளத்தின் 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு ஒரே ஒகரக் குறியாக, அல்லது க-வோடு ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் வித்தியாசம் தெரியாது. தேடலுக்கும் யூனிக் இன்டெக்ஸுக்கும் பொதுவாக இவை வெவ்வேறு ஊர்கள். என்எஃப்சி என்ற யூனிகோடு சீராக்கத்தை ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ரெயில்ஸ் 7.1 முதல் இதற்கென்றே 'நார்மலைசஸ்' என்ற வசதி மாடலில் இருக்கிறது. மற்ற இடங்களில் சரிபார்ப்புக்கு முந்தைய கட்டத்தில் நாமே எழுத வேண்டும். ஆனால் 'கௌரி'யை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக 'கெளரி' என்று அடித்தால் என்எஃப்சி காப்பாற்றாது. அது வேறு எழுத்து. இது தேடலில் சமாளிக்க வேண்டியது; பெயரை நிராகரிக்கக் காரணமாகக் கூடாது. வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத பூஜ்ஜிய அகல இடைவெளியும் கூட வரலாம். பைத்தானின் 'ஸ்டிரிப்'பும் ஜாவாஸ்கிரிப்டின் 'டிரிம்'மும் அதை நீக்குவதில்லை. தனியாகத்தான் களைய வேண்டும். கடவுச்சொல்லுக்கு மட்டும் இந்த வெட்டு வேலை வேண்டாம். ஆனால் கடவுச்சொல்லை மறைத்துச் சேமிக்கும் பிகிரிப்ட் முறை 72 பைட்டுக்கு மேல் கணக்கில் எடுக்காது என்பதை நினைவில் வையுங்கள். தமிழில் அது 24 குறியீடுதான்.

கைபேசி எண்ணை இடைவெளி, கோடு, +91, முன்னால் வரும் 0 எல்லாம் நீக்கி 10 இலக்கமாக்கி, முதல் இலக்கம் 6 முதல் 9-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ரெஜெக்ஸில் இலக்கத்துக்கான \d என்ற குறுக்குக் குறியைப் பயன்படுத்தாமல் 0 முதல் 9 வரை என்று எழுதுங்கள். பைத்தானில் அந்தக் குறுக்குக் குறி ௧, ௨, ௩ ஆகியவற்றையும் ஏற்கும், எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் ஏற்காது. தொடக்கம், முடிவு குறிகளிலும் கவனம் வேண்டும். ரூபியில் ^, $ இரண்டும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் முடிவையும் குறிப்பவை. முதல் வரியில் ஒழுங்கான எண், இரண்டாம் வரியில் எதை வேண்டுமானாலும் வைத்து அனுப்பலாம். தரைவழி எண் கொடுக்கும் வியாபாரிகள் இன்னும் உண்டு. திருநெல்வேலிக்கு 0462-க்குப் பின் 7 இலக்கம், அம்பாசமுத்திரத்துக்கு 04634-க்குப் பின் 6 இலக்கம். இரண்டும் சேர்த்தால் 11. ஊர்க் குறியீட்டு எண்ணின் நீளத்தை நிலையாக வைத்து விதி எழுதினால் ஒரு ஊர் வெளியே நிற்கும்.

எடை. கிராமில் முழு எண்ணாகவே சேமியுங்கள். ஒருவர் 1,500 என்று காற்புள்ளியோடு அடித்தால் ரூபி, பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றின் முழு எண் மாற்றமும் காற்புள்ளியில் நின்று 1 என்று கொடுக்கும். ஒன்றரைக் கிலோ, ஒரு கிராம் ஆகிவிடும். '250-க்குக் குறையக் கூடாது' என்ற விதி பிடித்துக்கொள்ளும், ஆனால் அவருக்குக் கிடைக்கும் செய்தி: "குறைந்தது 250 கிராம்". தான் 1,500 அடித்திருக்கும்போது இது என்ன என்று குழம்புவார். ரெயில்ஸின் எண் சரிபார்ப்பு, மாற்றுவதற்கு முந்தைய மூல உள்ளீட்டைப் பார்ப்பதால் அதைச் சேர்த்தால் 'இது எண் இல்லை' என்றாவது சொல்லும். அதைவிட நல்லது, காற்புள்ளியை முதலிலேயே நீக்கிவிடுவது.

தேதியில் ஒரே எச்சரிக்கை. 'இன்றைக்கு முந்தைய தேதி கூடாது' என்ற விதியில் 'இன்று' யாருடைய இன்று? சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியில் ஓடினால், இங்கே நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அதற்கு இன்னும் நேற்றுதான். நேற்றைய தேதிக்கு ஆர்டர் எடுத்துக்கொள்ளும்.

பின்கோட்டை வைத்து மாவட்டத்தைச் சரிபார்க்கும் விதி இங்கே எழுதத் தூண்டும்: 627 என்று தொடங்கினால் திருநெல்வேலி. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது, பின்கோடுகள் மாறவில்லை. தென்காசி, சங்கரன்கோவில், ஆலங்குளம் எல்லாம் இன்னும் 627-தான். ஆகவே பின்கோட்டுக்கு 6 இலக்கம், முதல் இலக்கம் 0 இல்லை என்பதோடு நிறுத்திவிட்டு, மாவட்டத்தை அட்டவணையில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

இதே மாவட்டப் பிரிவினை இன்னொரு பாடத்தையும் காட்டுகிறது. 'ஆலங்குளம் என்றால் மாவட்டம் தென்காசி' என்று மாடலில் புது விதி சேர்க்கிறீர்கள். 2019-க்கு முன் பதிவான வாடிக்கையாளர் ஒருவர் கைபேசி எண்ணை மட்டும் மாற்ற வருகிறார். அவருடைய பழைய ரெக்கார்டில் மாவட்டம் திருநெல்வேலி. சேமிக்க முடியாது, அந்தப் பக்கத்தில் மாவட்ட ஃபீல்டே இல்லாததால் ஏன் என்றும் புரியாது. புது விதியை ஏற்றுவதற்கு முன், அதில் தேறாத பழைய ரெக்கார்டுகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். மீதிக்கு, அந்த ஃபீல்டு மாறும்போது மட்டும் விதி ஓடும்படி நிபந்தனை வையுங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் செக் விதியை 'நாட் வேலிட்' என்று சேர்த்தால் புதிதாக எழுதப்படும் வரிகளை மட்டும் பார்க்கும். ஆனால் பழைய வரியைத் தொட்டு மாற்றினாலும் விதி ஓடும் என்பதை மறக்க வேண்டாம். சுத்தம் செய்து முடித்ததும் 'வேலிடேட் கன்ஸ்டிரெயின்ட்' ஓட்டி முழுமையாக்கலாம்.

பிழைச் செய்தி. "செல்லாத உள்ளீடு" என்பது யாருக்கும் உதவாது. "பின்கோடு 6 இலக்கம் வேண்டும், நீங்கள் கொடுத்தது 5" என்று அந்தக் கட்டத்துக்கு அடியிலேயே எழுதுங்கள். எல்லாப் பிழையையும் ஒரே தடவையில் காட்டுங்கள். ஒன்றைத் திருத்தியதும் அடுத்தது என்று இழுக்கக் கூடாது. அடித்ததை அழிக்கக் கூடாது. முகவரியை மூன்றாவது முறை டைப் செய்யச் சொன்னால் மனிதர் போனைக் கீழே வைத்துவிட்டு நேரே கடைக்கே போய்விடுவார். சர்வர் 422 (உள்ளீடு சரியில்லை) என்ற நிலை எண்ணோடு பதில் தர வேண்டும். ரெயில்ஸ் 7-இல் பக்கத்தை முழுதாக ஏற்றாமலே மாற்றும் டர்போ, ஃபார்மை அனுப்பிய பின் 200 (சரி) என்று பதில் வந்தால் பிழைப் பக்கத்தைத் திரையில் காட்டாது; பொத்தான் வேலை செய்யவில்லை என்றுதான் தோன்றும்.

டெஸ்ட் எழுதும்போது 'டெஸ்ட் யூசர்' என்ற பெயரையும் 'அட்ரஸ் 1' என்ற முகவரியையும் தூக்கி எறிந்துவிட்டு, நம் ஆட்களின் உள்ளீட்டை வையுங்கள். பெயருக்கு சு. இசக்கிமுத்து, கமலா, கெளரி, டி'குரூஸ், ஒற்றை இடைவெளி மட்டும். முகவரிக்கு "பழைய எண் 12/3ஏ, புதிய எண் 40, மேல ரத வீதி, கோவில் எதிரில்". எடைக்கு 249, 250, 1,500, ½, காலி. கைபேசிக்கு +91 சேர்த்து ஒன்று, 0 சேர்த்து ஒன்று, இரண்டாம் வரியோடு ஒன்று. கொக்கிரகுளம் இரண்டு வடிவிலும். ஒவ்வொன்றையும் மாடலில் ஒரு தடவை, கன்ட்ரோலர் வழியாக ஒரு தடவை, நிஜமாக டேட்டாபேஸில் எழுதி ஒரு தடவை ஓட்டுங்கள். கடைசியாகச் சொன்னதற்கு, சோதனைக்குச் சின்ன டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டும் நிஜத்துக்கு ஆரக்கிளும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். எஸ்க்யூலைட் வார்கேர் அளவைக் கண்டுகொள்ளாது. அங்கே கல்லிடைக்குறிச்சி 51 பைட்டோடு தாராளமாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.